வாயில் வைத்துப் பார்த்த தண்ணீர்

ஓர் ஆண்பிள்ளை கைக்குழந்தையைத் தோளில் சாய்த்து, முதுகைத் தடவித் தடவி ஏப்பம் விடவைப்பதை நான் முதன்முதலாக அவரிடம்தான் பார்த்தேன். எழுபதுகளின் கடைசி. ஆம்பூரில் எங்கள் பக்கத்து வீடு. தோல் பதனிடுகிற டேனரியிலிருந்து வந்து, கிணற்றடியில் தேய்த்துத் தேய்த்துக் குளித்துவிட்டு, சட்டை போடாமல் குழந்தையை வாங்குவார். முறம் மாதிரி அகலமான கை. நகக்கண்ணில் இருந்த ஆவாரம்பட்டைக் கறை எத்தனை தேய்த்தாலும் போகாது. ஏப்பச் சத்தம் கேட்டதும், "வந்திடிச்சி. சரோஜா, இன்னொரு பக்கம் குடு" என்று குழந்தையை உள்ளே நீட்டுவார். நான் இந்தப் பக்கம் துணி துவைத்துக்கொண்டிருப்பேன். சிரிப்பு வந்துவிடும். அப்புறம் சிரிப்பு போய் வயிற்றெரிச்சல் வந்துவிடும்.

அவர் பெயர் இங்கே வேண்டாம். நான் அண்ணன் என்று கூப்பிட்டேன், அவர் என்னை டீச்சரம்மா என்றார். ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் நான் டீச்சர். என் வீட்டுக்காரர் டேனரி ஆபீசில் கிளார்க். அதே டேனரியில் அண்ணன் மேஸ்திரி. இரண்டு வீட்டுக்கும் நடுவே இடுப்பளவு சுவர், பின்னால் பொதுவாக ஒரு கிணறு. கிணற்றுக்கு அந்தாண்டை கால்வாய். தோல் ஊறவைத்த தண்ணீரெல்லாம் அதில்தான் போகும். ஒருநாள் பழுப்பாகப் போகும், ஒருநாள் சுண்ணாம்பு வெள்ளையாகப் போகும். அந்த வருஷம் நீலமாகவும் போக ஆரம்பித்தது. வாடை எங்களுக்குப் பழகிவிட்டது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள்தான் மூக்கைப் பொத்துவார்கள்.

எனக்குப் பங்குனியில் பெண் பிறந்தாள். நான் அம்மா இல்லாதவள், தாய் வீடு என்று போய் உட்கார இடம் கிடையாது. சம்பளமில்லாத லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டிலேயே கிடந்தேன். பக்கத்து வீட்டு சரோஜாவுக்குச் சித்திரையில் பையன். அவளுக்கு அம்மா நெமிலியில் கல்லு மாதிரி இருந்தாள். மகளையும் பேரனையும் கூட்டிப் போக வந்த அந்த அம்மாளை அண்ணன் வெறுங்கையோடு திருப்பி அனுப்பினார். சுவருக்கு இந்தப் பக்கம் நின்று நான் எல்லாவற்றையும் கேட்டேன். கேட்கக் கூடாதுதான், கேட்டேன்.

"புள்ள பெத்தவள தாய் வூட்டுக்கு அனுப்பாத மாப்பிள்ளைய நான் எந்த ஊர்லயும் பாத்ததில்ல."

"இப்ப பாத்துக்கோ அத்தே."

"பத்தியம் யாரு வெப்பாங்க? நீயா?"

"நான்தான்."

சொன்னபடி செய்தார். ஷிப்டுக்குப் போகும் முன் பூண்டு உரித்து வேகவைப்பார். பால் சுறா வாங்கிவந்து புட்டு செய்வார். முருங்கைக்கீரை ஆய்வார். சரோஜா பால் கொடுக்க உட்கார்ந்தால் முதுகுக்குத் தலையணை வைத்துக் கொடுப்பார். மார்பில் பால் கட்டிக்கொண்டு அவள் துடித்த அன்று, வெந்நீரில் துணி நனைத்துப் பிழிந்து ஒத்தடம் கொடுத்ததும் அவர்தான். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் பத்து நிமிஷத்துக்கு மேல் உட்கார்ந்தால், "அவ தூங்கணும், கெளம்புங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லுவார். டேனரியில் கிண்டல் பண்ணாத ஆள் இல்லை. "இன்னா மேஸ்திரி, ஒனக்கே பால் ஊறுதாமே" என்பார்களாம். "ஊறுனா குடுக்க மாட்டேனா?" என்று இவர் திருப்பிக் கேட்பாராம்.

என் வீட்டுக்காரர் கதை வேறு. குழந்தை மார்பில் இருக்கும்போது தொண்டை வறண்டு, "ஒரு சொம்பு தண்ணி குடுங்களேன்" என்று கேட்டிருக்கிறேன். பேப்பரை மடக்காமலே, "புள்ளைய எறக்கிட்டு எழுந்து குடியேன்" என்று பதில் வரும். கெட்டவர் இல்லை. குடிக்க மாட்டார், கை ஓங்க மாட்டார், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்கு வருவார். பால் கொடுப்பது பொம்பளை சமாச்சாரம், அதில் ஆண்பிள்ளைக்கு என்ன வேலை என்று நினைத்த லட்சம் பேரில் அவரும் ஒருவர், அவ்வளவுதான். நான் சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்துப் பார்த்துப் பொருமுவேன். "அந்த அண்ணனப் பாத்துக் கத்துக்கோங்க" என்று எத்தனையோ தடவை கத்தியிருக்கிறேன்.

ஆனால் அந்த அண்ணனிடம் ஒரு பழக்கம் இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு உள்ளுக்குள் ஒரு மாதிரி இருக்கும். சரோஜா வாய்க்குள் போகிற எதுவும் முதலில் அவர் வாய்க்குள் போக வேண்டும். குழம்பு, கஞ்சி, கஷாயம், எதுவானாலும் சரி. முக்கியமாகத் தண்ணீர். காலையில் கிணற்றில் வாளி இறைத்து, உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி, நாக்கில் வைத்துக் கண்ணை மூடுவார். இரண்டு நிமிஷம் அசைய மாட்டார். பிறகு துப்பிவிட்டு, "குடிக்கலாம்" என்பார். அந்தத் தண்ணீரைத் தனிப் பானையில் ஊற்றி, வெள்ளைத் துணியால் வாயைக் கட்டி வைப்பார். சரோஜா அதிலிருந்துதான் குடிக்க வேண்டும். ஒரு நாளைக்கு எட்டு சொம்பு. குடிக்கக் குடிக்க அடுப்புக்கரியால் சுவரில் கோடு போட வேண்டும். சாயங்காலம் வந்ததும் அவர் முதலில் பார்ப்பது குழந்தையை இல்லை, கோட்டைத்தான்.

"ஏழுதான் இருக்குது."

"மறந்துட்டேன்யா. இப்ப குடிக்கிறேன்."

அவள் குடித்து முடிக்கிறவரை எதிரிலேயே நிற்பார். அன்பாகத்தான் நிற்பார். அந்த அன்பைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

ஒரு நாள் கேட்டுவிட்டேன். எனக்கு வாய் ஜாஸ்தி. "எதுக்குண்ணே இத்தனை காவல்?" என்றேன்.

"பாலுன்னு தனியா ஒண்ணு கெடையாது டீச்சரம்மா. அவ குடிக்கிறதுதான் புள்ளைக்குப் போவுது. தொட்டியில ஊத்துற தண்ணி கெட்டுப் போச்சின்னா தோலு எப்டி நல்லா வரும்?"

பெண்டாட்டியைத் தோல் தொட்டியோடு சேர்த்துப் பேசுகிறாரே என்று எனக்குச் சுருக்கென்றது. சண்டைக்குப் போகலாமா என்றுகூட நினைத்தேன். மறுநாள் துணி துவைக்கிற கல்லில் வைத்து சரோஜா சொன்னாள். இது அவளுக்கு இரண்டாவது பிள்ளை. முதலில் ஒரு பெண். நெமிலியில் பிறந்து, மூன்றாம் மாதம் இங்கே வந்தது. வந்த இடத்தில் பால் குறைந்து, டப்பாப் பால் வாங்கினார்கள். ஒரு நாள் ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று அண்ணன் அவசரமாக வாளியில் இருந்த தண்ணீரை ஊற்றிக் கலக்கிக் கொடுத்துவிட்டு ஓடினார். சாயங்காலம் வாந்தி, வயிற்றால் போனது. மூன்றாம் நாள் குழந்தை இல்லை.

"அன்னிக்கி மட்டும் வாயில வெச்சிப் பாத்திருந்தேன்னா தெரிஞ்சிருக்கும், தெரிஞ்சிருக்கும்னு அடிச்சிக்கிட்டாரு டீச்சர். அதுலேர்ந்துதான் இப்டி" என்றாள்.

எனக்குச் சட்டென்று கண் கலங்கிவிட்டது. வாந்திபேதிக் கிருமிக்கு ருசி கிடையாது, அதை எந்த நாக்கும் கண்டுபிடிக்காது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு நான் நடத்துகிற பாடம் அது. தண்ணீரைக் காய்ச்சினால் போதும் என்று சரோஜாவிடம் சொன்னேன். "காய்ச்சியும் குடுக்கிறாரு. காய்ச்சுன பின்னாடியும் பாக்கிறாரு" என்றாள். அந்த மனிதருக்கு நாக்கை விட்டால் வேறு எதிலும் நம்பிக்கை இல்லை.

நாக்கை நம்பாமல் எப்படி இருப்பார்? அவர் பிழைப்பே நாக்கில்தான் இருந்தது. ஆவாரம்பட்டை ஊறுகிற தொட்டியில் விரலை விட்டு நாக்கில் வைத்து, இன்னும் இத்தனை கூடை பட்டை போடு, இது போதும், இதை இறக்கு என்று சொல்லுவார். அது தவறினதே இல்லை என்று என் வீட்டுக்காரர்கூடச் சொல்லியிருக்கிறார். அந்த நாக்குக்காகத்தான் அவரை மேஸ்திரி ஆக்கினார்கள். முதலாளி சாயபு விருந்தாளிகளிடம், "நம்ம மேஸ்திரி நாக்கு இருக்கே, அது தராசு" என்று பெருமையடிப்பாராம்.

பிறகு பட்டை போய், குரோம் என்கிற ரசாயனம் வந்தது. எல்லா டேனரியும் மாறிக்கொண்டிருந்த நேரம். பெரிய மர டிரம்மில் தோலைப் போட்டுச் சுற்றவிட்டு, ஆசிடும் உப்பும் குரோமும் ஊற்றுவார்கள். தோல் நீலமாக வெளியே வரும். ஆசிட்டைச் சோதிக்கக் காகிதம் கொடுத்தார்கள். அதை நனைத்தால் நிறம் மாறும், நிறத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். பேன்ட் போட்ட ஒரு பையன் படித்துவிட்டு வந்து அதற்கென்றே இருந்தான். அண்ணன் அந்தக் காகிதத்தைத் தொடவில்லை. டிரம் நின்றதும் கதவைத் திறந்து, விரலை விட்டு, நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"குரோமையுமா நக்கிப் பாக்கிறாரு?" என்று கேட்டேன்.

"யாரு சொன்னாலும் கேக்க மாட்டேங்கிறாரு. அந்தப் பையன் தலையில அடிச்சிக்கிறான்" என்றார் என் வீட்டுக்காரர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

வைகாசியில் அண்ணனுக்கு வாய் எரிந்தது. காரம் ஆகவில்லை. உதட்டோரம் வெள்ளையாகப் புண் வந்து உரிந்தது. ஆனியில் எரிச்சல் நின்றுவிட்டது. "சரியாப் போச்சி டீச்சரம்மா" என்று வாயைத் திறந்து காட்டினார். நாக்கு வெளுத்துப் போய், மொழுமொழுவென்று இருந்தது. எனக்கு அது சரியானதாகத் தெரியவில்லை. சொல்ல வாய் வரவில்லை. எனக்கே வாய் வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆடி மாதம் என் வீட்டுக்காரர் ஒரு செய்தி கொண்டுவந்தார். ஒரு டிரம் தோல் மொத்தமும் ஊதிப் போய் வீணாகிவிட்டது. ஆசிட் ஊற்றுகிறபோது உப்பு போதுமான அளவு இருக்க வேண்டுமாம். உப்பு கம்மியானால் தோல் உப்பிப் பஞ்சு மாதிரி ஆகிவிடுமாம். அண்ணன் வழக்கம் போல வாயில் வைத்துப் பார்த்து, உப்பு சரி என்று சொல்லியிருக்கிறார். உப்பு மூட்டை ஈரமாக இருந்தது, எடை ஏமாற்றிவிட்டது என்று மூட்டையின் மேல் பழியைப் போட்டுவிட்டார்கள். நாக்கைச் சந்தேகப்பட அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை.

அதே வாரம் சரோஜா கிணற்றடியில் என் பக்கத்தில் வந்து குந்தினாள். சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"டீச்சர், நேத்து ரசத்துல நான் உப்பே போடல. மறந்துட்டேன். அவரு வாயில வெச்சிப் பாத்துட்டு, சரியா இருக்குதுன்னாரு."

"தெரியாம சொல்லியிருப்பாரு."

"இன்னிக்கி வேணும்னே ரெண்டு பிடி போட்டேன். அதையும் சரியா இருக்குதுன்னாரு."

நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். 

"சொல்லிடு சரோஜா."

"எப்டி சொல்றது? அந்தப் பொண்ணு போனப்ப தண்டவாளத்துக்குப் போனவரு டீச்சர். நாலு பேரு இழுத்துட்டு வந்தாங்க. இப்ப அந்த நாக்கு ஒண்ணுலதான் மனுஷன் நிக்கிறாரு. அதுவும் இல்லன்னு நான் சொல்லட்டுமா?"

அந்த வருஷம் மழையும் இல்லை. பாலாறு வெறும் மணலாகக் கிடந்தது. கிணறு கீழே கீழே போனது, கால்வாய் மட்டும் வற்றாமல் ஓடியது. ஆவணி பிறந்தபோது தண்ணீர் கரித்தது. உப்பு மட்டும் இல்லை, பின்னாலேயே ஒரு கசப்பு நாக்கில் ஒட்டிக்கொண்டது. என் குழந்தை என் மார்பைத்தான் நம்பியிருந்தாள். நான் பயந்து போய் என் வீட்டுக்காரரிடம் அழுதேன். ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு கொடுக்காத அந்த மனிதர் அன்றைக்கு எழுந்து வெளியே போனார். மறுநாளிலிருந்து முதலாளி தோட்டத்துக் கிணற்றிலிருந்து, ஆபீசுக்கு வருகிற வண்டியில் எங்களுக்கு இரண்டு குடம் நல்ல தண்ணீர் வந்தது. எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

"யாருகிட்டயும் மூச்சு விடாத. தெரிஞ்சா தெருவே வந்து நிக்கும். அப்புறம் நமக்கும் நிறுத்திடுவாங்க" என்றார்.

நான் மூச்சு விடவில்லை. குடத்தை உள்ளே கூடத்து மூலையில் வைத்து மூடினேன். சுவருக்கு அந்தப் பக்கம் தினமும் காலையில் வாளி இறைக்கிற சத்தம் கேட்கும். கொஞ்ச நேரம் சத்தம் இருக்காது. பிறகு "குடிக்கலாம்" என்ற குரல் வரும். அந்த ஒரு வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போய்விடுவேன். ஜெபத்தில் அவர்களையும் சேர்த்துக்கொண்டேன். தண்ணீரில் சேர்த்துக்கொள்ளத் தோன்றவில்லை. தோன்றவில்லை என்பது பொய். தோன்றியது, செய்யவில்லை.

"கீழ ஊத்திட்டுக் கோடு போட்டுடேன்" என்று சரோஜாவிடம் ஒரு நாள் சொன்னேன்.

"ஊத்திட்டு அவரு மூஞ்சியப் பாத்துப் பொய் சொல்ல எனக்கு வராது டீச்சர். குடிச்சிட்டுப் போறேன். பால் வருது இல்ல, போதும்."

புரட்டாசியில் பால் குறைந்தது. அவளுக்கு வயிற்றால் போனது, நிற்கவே இல்லை. கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், எழுந்தால் தலை சுற்றி உட்கார்ந்துவிடுவாள். பையன் மார்பை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு வீறிட்டு அழுவான். அண்ணன் லீவு போட்டுவிட்டுக் கூடவே இருந்தார். பூண்டை இரண்டு மடங்காக்கினார். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து எட்டுக் கோட்டைப் பன்னிரண்டு ஆக்கினார். சுவரில் கரிக்கோடு ஏற ஏற அவள் இளைத்துக்கொண்டே போனாள். நான் சுவரோரம் நின்று அதைப் பார்த்தேன். என் பெண் என் இடுப்பில் கொழுகொழுவென்று இருந்தாள்.

அவர் லீவு போட்ட நான்காம் நாள் காலை நெமிலியிலிருந்து அவருடைய மாமியார் வந்து இறங்கினாள். கையில் பால் டப்பா. பேரனைப் பார்த்ததும் அந்த அம்மாள் போட்ட சத்தத்தில் தெருவே திரும்பியது.

"கத்திக் கத்திப் புள்ளைக்குத் தொண்ட அடச்சிப் போச்சி! மாப்ளே, ஒன் வீம்ப உட்டுட்டு இந்த டப்பாவ ஒடை!"

அண்ணன் டப்பாவையே பார்த்தார்.   பிறகு எழுந்து அடுப்பைப் பற்றவைத்தார். வெள்ளைத் துணி கட்டிய பானையிலிருந்து தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டார். ஆறவைத்து, ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்துக் கண்ணை மூடினார். முதல் குழந்தைக்குச் செய்யாமல் விட்டதை இந்தக் குழந்தைக்குச் செய்துகொண்டிருந்தார். வெகுநேரம் கண்ணைத் திறக்கவில்லை.

"நல்லாருக்குது. கலக்கலாம்" என்றார்.

பவுடரைப் போட்டுக் கலக்கி, பால் பாட்டிலில் ஊற்றினார். நான் எப்படி அந்த வீட்டுக்குள் போனேன் என்று எனக்கே தெரியாது. பாட்டிலைப் பிடுங்கினேன்.

"அண்ணே, குடுக்காதீங்க. அந்தத் தண்ணி உப்பு."

"நான் பாத்தேன் டீச்சரம்மா."

"ஒங்களுக்கு நாக்கு செத்துப் போச்சுண்ணே. உப்பு தெரியல, கசப்பு தெரியல. ஆடி மாசத்துலேர்ந்து தெரியல."

அவர் சிரித்தார். "இன்னா பேசுறீங்க? என் நாக்கையா?"

"சரோஜாவக் கேளுங்க."

அவர் சரோஜாவைப் பார்த்தார். அவள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டாள். மாமியார் ஒன்றும் புரியாமல் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அண்ணன் அடுப்படிக்குப் போனார். உப்பு ஜாடியில் கையை விட்டு, ஒரு பிடி கல்லுப்பை அள்ளி வாயில் போட்டு மென்றார். நறநறவென்ற சத்தம் எங்களுக்குக் கேட்டது. "ஐயோ, இவன் இன்னா பண்றான்!" என்று மாமியார் வாயில் அடித்துக்கொண்டாள். அவர் முகம் சுளிக்கவில்லை, கண் சுருங்கவில்லை. சோறு மெல்லுகிற மாதிரி மென்றார். கொஞ்ச நேரம் கழித்து மென்றதை உள்ளங்கையில் துப்பி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தினி நாளா தெரியும் ஒனக்கு?" என்று சரோஜாவைக் கேட்டார்.

"ரசத்துக்கு உப்புப் போடாத அன்னிலேர்ந்து."

"தெரிஞ்சேதான் குடிச்சியா? தெனமும்?"

"நீதான் வாயில வெச்சிப் பாத்துக் குடுத்தியே. எப்டி வேணாம்னு சொல்றது?"

அவர் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். தோளில் இருந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். குழந்தையும் அழுதது. நான் அதை எடுத்து, அந்த அறையிலேயே ஒரு மூலையில் திரும்பி உட்கார்ந்து என் பாலைக் கொடுத்தேன். அது குடித்த வேகத்தில் எனக்கு மூச்சு முட்டியது. இத்தனை நாள் இதைக்கூட நீ செய்யவில்லையே என்று என் மனசே என்னைக் காறித் துப்பியது.

மறுநாள் தாயையும் பிள்ளையையும் வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். டப்பா வேண்டாம், தாய்க்கு நல்ல தண்ணீரும் சாப்பாடும் தூக்கமும் கொடுங்கள், பிள்ளையை மார்பிலேயே விடுங்கள், பால் தானாக வரும் என்று அங்கே நர்ஸ் சொன்னாளாம். பத்து நாளில் வந்தது. பையன் பிழைத்தான், சரோஜாவும் தேறினாள். அண்ணன் முன்பு போலவே பூண்டு உரித்தார், தலையணை வைத்தார், ஏப்பம் எடுத்தார். சுவர்க் கோடுகளை மட்டும் அழித்து வெள்ளையடித்துவிட்டார். தண்ணீர் கொண்டுவந்தால் சொம்பை அவள் கையில் கொடுத்து, "நீ பாரு" என்பார். அவள் குடித்துப் பார்த்துத் தலையசைத்த பிறகுதான் அந்தாண்டை போவார். டேனரியில் டிரம்மை விட்டுத் தோல் அடுக்குகிற இடத்துக்கு அவரே கேட்டு மாறிக்கொண்டார். வாய்ப்புண் திரும்பி வந்தது. அப்புறம் ஆறவே இல்லை. எண்பதுகளின் நடுவில், அந்தப் பையன் இரண்டாம் வகுப்பில் என்னிடம் படித்துக்கொண்டிருந்தபோது, போய்விட்டார்.

ஒன்றை மட்டும் சொல்லாமல் தள்ளிக்கொண்டே வந்துவிட்டேன். அந்த உப்பு மென்ற மத்தியானம், குழந்தை என் மடியிலேயே தூங்கிப் போன பிறகு, அதைப் பாட்டியிடம் விட்டுவிட்டு, சரோஜாவைக் கைத்தாங்கலாக எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். கூடத்து மூலையில் மூடி வைத்திருந்த குடத்திலிருந்து ஒரு சொம்பு மொண்டு கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்தாள். குடித்துவிட்டு, "இனிக்குது டீச்சர்" என்றாள். அண்ணன் பின்னாலேயே வந்து வாசலில் நின்றதை நான் கவனிக்கவில்லை.

"அது எந்தத் தண்ணி டீச்சரம்மா?"

"முதலாளி தோட்டத்துத் தண்ணிண்ணே."

"எப்பலேர்ந்து வருது?"

பொய் சொல்லியிருக்கலாம். நேற்றிலிருந்து என்று சொல்லியிருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்து எனக்கும் பொய் வரவில்லை.

"ஆவணியிலேர்ந்து."

அவர் குடத்தைப் பார்த்தார். பாயில் கிடந்த என் பெண்ணைப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தட்டும், இரண்டு அடி கூட அடிக்கட்டும் என்று இருந்தது. அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, முதலாளி வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி என் வாசலில் நின்றார்.

"அதுல அவளுக்கு தெனம் ஒரு கொடம் கெடைக்குமா டீச்சரம்மா? அவளுக்கு மட்டும் போதும். எனக்கு எல்லாத் தண்ணியும் ஒண்ணுதான்" என்றார்.